குன்றுகளைச் சுற்றி மிதிக்க மதுரையில் பாதை இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரையிலிருந்து சைக்கிளில் மலைப் பக்கம் போவது என்றாலே கொடைக்கானலும் போடிமெட்டும்தான் பேச்சில் வருகின்றன. சனி, ஞாயிறுகளில் வத்தலக்குண்டுக்கு மேலே வரிசை கட்டி ஊர்ந்து ஏறும் வேன், பேருந்துகளுக்குப் பின்னால் மிதிப்பவருக்கு மிஞ்சுவது புகைதான். அதைவிட்டு நகரத்தைச் சுற்றிப் பார்த்தால், எந்தத் திசையில் போனாலும் ஒரு குன்று நிற்கிறது. மேற்கே நாகமலையும் சமணமலையும், கிழக்கே யானைமலை, வடக்கே அழகர்மலை, வடமேற்கே சிறுமலை. ஒவ்வொன்றின் அடிவாரத்திலும் பழைய ஊர்கள். அந்த ஊர்களை இணைக்கும் பஞ்சாயத்துச் சாலைகள். சைக்கிள் சுற்றுலாவுக்கெனத் தனித் தடம் போட வேண்டும் என்று அவ்வப்போது எழும் கோரிக்கையை நாங்கள் ஆதரிக்கவில்லை. தடம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் எப்படிப் போவது என்பதையும், அதைக் கெடுக்காமல் வைத்திருக்க என்ன செய்ய வேண்டும் என்பதையும் இக்கடிதத்தில் சொல்ல விரும்புகிறோம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வைகையின் தென்கரைச் சாலை ஏற்றது. கோச்சடை, துவரிமான், கொடிமங்கலம், மேலக்கால் என்று போகும் இந்த வழியில் ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. இடப்பக்கம் நாகமலை கூடவே வரும், வலப்பக்கம் ஆறும் தென்னந்தோப்பும். மேலக்காலில் பாலத்தைக் கடந்தால் திருவேடகம். சம்பந்தர் வைகையில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துப் போய்க் கரையேறியதாகப் புராணம் சொல்லும் தலம் இது. அங்கிருந்து சோழவந்தான், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை விளையும் ஊர். மறுபடி தென்கரைக்கு வந்து முள்ளிப்பள்ளம், மன்னாடிமங்கலம் வழியாகக் குருவித்துறை வரை போய்த் திரும்பினால் எல்லாம் சேர்த்து 70 கிலோமீட்டருக்குள் அடங்கும். கோயில்களையும் பார்க்க நினைப்பவர்கள் விடியலிலேயே கிளம்ப வேண்டும். கிராமக் கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும். குருவித்துறைக்கு வியாழக்கிழமையும் குருப்பெயர்ச்சி நாளும் வேண்டாம். சைக்கிளைச் சாய்த்து வைக்கக்கூட இடம் கிடைக்காது.

அடுத்த நிலைக்குப் போகிறவர்கள் நாகமலையைக் கடந்து பார்க்கலாம். நாகமலைப் புதுக்கோட்டையில் இடப்பக்கம் பிரிந்தால் கீழக்குயில்குடி. அய்யனார் கோயில், தாமரைக் குளம், அவற்றுக்குப் பின்னால் சமணமலை. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் உள்ள தீர்த்தங்கரர் சிற்பங்கள் 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆழமில்லாமல் வெட்டிய எழுத்தை உச்சி வெயிலில் வாசிக்க முடியாது. வெயில் சாய்வாக விழும் காலை ஏழு, எட்டு மணிக்குத்தான் வரிகளுக்கு நிழல் விழுந்து எழுத்து எடுப்பாகத் தெரியும். அதற்காகச் சுண்ணக்கட்டியையும் மாவையும் பூசுகிறவர்களைப் பார்க்கிறோம். பாறை அரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம், அருள்கூர்ந்து செய்யாதீர்கள். பெடலில் கொக்கி மாட்டும் சைக்கிள் ஷூவோடு மலை ஏறுவதும் கூடாது. அதன் இரும்புத் துண்டு பாறையில் வழுக்கும், வெட்டுப் படிகளையும் கீறும். சாதாரண ரப்பர் அடிச் செருப்பு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டால் போதும்.

கீழக்குயில்குடியிலிருந்து தேனி சாலைக்கு வந்து செக்கானூரணி. அதை அடுத்த கிண்ணிமங்கலத்தில்தான் ‘ஏகன் ஆதன் கோட்டம்’ என்ற தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு 2020-இல் வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு மேலக்கால் சாலையில் திரும்பினால் நாகமலையின் கணவாய். ஏற்றம் குறைவு, இறங்கினால் மறுபடி வைகைக் கரை. சுமார் 50 கிலோமீட்டரில் ஒரு மலையைச் சுற்றி வந்ததாகிவிடும். இதில் கெட்ட பகுதி நகரிலிருந்து செக்கானூரணி வரையிலான நெடுஞ்சாலைதான். சமணமலையில் கல்வெட்டு வாசிக்க நிற்காதவர்கள் அதைக் காலை ஆறரைக்குள் முடித்துவிடுவது நல்லது.

எங்களைக் கேட்டால் மதுரையின் மிகச் சிறந்த பாதை கிழக்கே இருக்கிறது. ஒத்தக்கடையில் பிரிந்து நரசிங்கத்துக்குள் போனால் யானைமலையின் அடியில் குடைவரை நரசிங்கப் பெருமாள் கோயில். பாண்டியர் காலத்தில் கி.பி. 770-ஐ ஒட்டிக் குடையப்பட்டது. அங்கிருந்து திருமோகூர். பிறகு வயல்களுக்கு நடுவே மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர். அடுத்தது மேலூர். மேலூரிலிருந்து அழகர்கோவில் சாலையைப் பிடித்து, வழியில் அரிட்டாபட்டிக்குப் பிரிய வேண்டும். கழிஞ்சமலையில் குடைவரைச் சிவன் கோயில், தமிழிக் கல்வெட்டு, சமணத் துறவிகளின் கற்படுகை எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. குடைவரையில் உள்ள, சிவனின் வடிவமாகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பம் தமிழ்நாட்டில் அரிதாகக் காணக் கிடைப்பது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியின் 193 ஹெக்டேர் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன நிலத்தில் இதுவும் அடங்கியிருந்தது. ஊரார் எழுந்து நின்றதால் 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. பக்கத்தில் மாங்குளம் மலை. பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டுகள் 1882-இல் கண்டறியப்பட்டது இங்கேதான். கிடாரிப்பட்டி வழியாக அழகர்கோவில் வந்து நகருக்குத் திரும்பினால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அழகர்கோவிலில் நிறுத்தும்போது கைப்பிடியில் மாட்டிய பையை எடுத்துவிடுங்கள். வாழைப்பழ வாசம் குரங்குக்குத் தெரியும்.

இந்தப் பாதையில் கவனிக்க வேண்டியவை மூன்று. மேலூர் வட்டாரத்தில் கல் ஏற்றிப் போகும் லாரிகள் சிந்தும் ஜல்லி, திருப்பங்களின் உள்ஓரத்தில் சேரும். அங்கே பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் சறுக்கும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, திருப்பத்துக்குள் பிரேக்கிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். அறுவடைக் காலத்தில் கதிரையும் கொள்ளுச் செடியையும் வண்டிகள் மிதிக்கட்டும் என்று சாலையில் பரப்பியிருப்பார்கள். மோட்டார் பைக் அதன் மேல் போய்விடும். கியர் சைக்கிளில் தண்டு, செயினை நகர்த்தும் பின்கியர் கைக்குள் சுற்றிக்கொண்டு, சமயத்தில் அந்தக் கையையே ஆரக்கம்பிக்குள் இழுத்துவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே வழி. விவசாயிக்கும் களம் வேண்டும், அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மூன்றாவது முள்.

முள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சீமைக் கருவேலத்தை வெட்டி வண்டியில் ஏற்றிப் போகும் சாலைகளில் அதன் முள் உதிர்ந்து கிடக்கும். சாலை ஓர மண்ணில் நெருஞ்சி. இரண்டும் டயரில் ஏறினால் வெளியே தெரியும் பகுதி ஒடிந்துவிடும், நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடும். டியூபை ஒட்டிப் போட்டு அரை கிலோமீட்டர் போவதற்குள் அதே இடத்தில் மறுபடி பஞ்சர். ஆகவே டியூபைக் கழற்றியதும் டயரின் உட்புறம் முழுக்க ஒரு பழைய பருத்தித் துணியை இழுத்துக்கொண்டு வர வேண்டும். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். விரலால் தடவினால் விரலில்தான் ஏறும். நுனியைப் பிடுங்க நகவெட்டியோ சிறு குறடோ தேவை. ஒட்டும்போது உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைப் பூசி, ஈரப் பளபளப்பு போகும் வரை ஐந்து நிமிடம் பொறுத்து, அப்புறம் ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். அவசரப்பட்டு ஒட்டியது மதுரை வெயிலில் தார்ச்சாலைச் சூட்டுக்கு ஓரம் தூக்கிக்கொள்ளும்.

கிராமத்து சைக்கிள் கடையில் கிடைப்பது பழைய 28, 26 அங்குலச் சாதா சைக்கிளின் டியூப். கியர் சைக்கிள்களில் வரும் 700 அளவுச் சக்கரத்தின் டியூபைத் தேடி அலைய வேண்டாம். இரண்டு டியூபை நீங்களே கொண்டு போங்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ளவர்கள், மோட்டார் பைக் வால்வு அளவுக்கு மாற்றும் பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே மாட்டி வைக்கலாம். பஞ்சர் கடை கம்ப்ரசரில் காற்றடிக்க அது போதும். ஆனால் கம்ப்ரசரை ஒரேயடியாகத் திறந்தால் மெல்லிய டியூப் வெடிக்கும்; விட்டு விட்டு அடிக்கச் சொல்ல வேண்டும். டயர் 32 முதல் 38 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். 65, 70 கிலோ எடையுள்ளவர் காற்றழுத்தம் 32-க்கு 65 பி.எஸ்.ஐ., 38-க்கு 45 வைத்தால் போதும். 25 மில்லிமீட்டர் பந்தய டயரில் 100 பி.எஸ்.ஐ. அடித்து வருபவர்கள், ஒவ்வொரு வேகத்தடையிலும் தங்கள் முதுகெலும்பைத்தான் சோதிக்கிறார்கள். செயினுக்கு ஓர் இணைப்புக் கண்ணி, பின்கியரைத் தாங்கும் ஹேங்கர் ஒன்று, ஆறு மில்லிமீட்டர் வரையிலான ஆலன் கீ. மற்ற எதற்கும் ஊர் மெக்கானிக்கே போதும். ஒடிந்த பாகத்தைக்கூட அவர் ஏதாவது செய்து ஓட வைத்துவிடுவார்.

பெரியாறு பிரதானக் கால்வாயின் கரைச்சாலை தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த பாதையாக இருக்கிறது. பேரணையில் பிரிந்து கள்ளந்திரி வரை வரும் இருபோகப் பாசனக் கால்வாய் இது. கரையில் ஜீப் போகும் இரட்டைத் தடம், பல இடங்களில் மர நிழல். கால்வாயில் தண்ணீர் ஓடும் நாட்களில் அந்தக் காற்றே தனி. முழுக்கத் தொடர்ச்சியாகப் போக முடியாது. ஷட்டர்களிலும் பாலங்களிலும் இறங்கி ஊர்ச்சாலையில் ஏறி மறுபடி கரைக்கு வர வேண்டியிருக்கும். இங்கே டயர்க் காற்றைப் பத்துப் பதினைந்து பி.எஸ்.ஐ. குறைத்துக்கொண்டால் பிடிப்பு கிடைக்கும். அலங்காநல்லூர், பாலமேடு, சாத்தையாறு அணை வரை போய்ச் சிறுமலை அடிவாரமாக வாடிப்பட்டிக்கு வரும் சுற்றையும் இதோடு இணைக்கலாம். பொங்கலை ஒட்டி ஜல்லிக்கட்டு நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டாம், சாலையை மறித்திருப்பார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் நத்தம் வழியாகப் பழனிக்கு நடப்பவர்கள் விடியலுக்கு முன்பே சாலையில் இருப்பார்கள். விளக்கில்லாமல் இருட்டில் வேகமாகப் போகிற சைக்கிள் அவர்களுக்கு லாரியைவிட ஆபத்து, சத்தமே கேட்காது.

உண்மையான மலையேற்றம் வேண்டும் என்பவர்களுக்குச் சிறுமலை. திண்டுக்கல் வரை ரயிலிலோ பேருந்திலோ போய், நத்தம் சாலையில் பிரிந்து ஏற வேண்டும். 18 கொண்டை ஊசி வளைவுகள். மேலே உள்ள ஊர்களுக்கும் அடிவாரத்துக்கும் 600 மீட்டருக்கும் மேல் உயர வித்தியாசம். கடையில் விலையைப் பார்த்துச் சைக்கிள் வாங்கி ஏமாறுவது இங்கேதான் தெரியும். சாதா சைக்கிளில் பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின் பல்சக்கரத்தில் 18 பல் என்றால் ஒரு முழு மிதிக்குச் சைக்கிள் 5 மீட்டருக்கும் மேல் நகரும். ஏற்றத்தில் அதை மிதிக்க முடியாது, தள்ளத்தான் வேண்டும். விலை உயர்ந்த பந்தய சைக்கிளில் 39-க்கு 25 என்றால் மூன்றேகால் மீட்டர்; பழகிய கால்களுக்கு மட்டும். அதைவிட மலிவான, முன்னால் 28 பல்லும் பின்னால் 28 பல்லும் உள்ள 21 கியர் சைக்கிளில் ஒரு மிதிக்கு 2.1 மீட்டர்தான். நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர், மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். வளைவில் உள்பக்கம்தான் செங்குத்து. எதிரே வண்டி இல்லாதபோது சற்றே வெளிப்பக்கமாகப் போனால் சரிவு குறையும். கியரை வளைவுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். முழு அழுத்தத்தில் மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் அறும்.

இறக்கம் ஏற்றத்தைவிடக் கடினம். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் பிரேக்கில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும், டிஸ்க்கில் கட்டை பளபளத்துப் பிடிப்பு போய்விடும். நேர்ப்பகுதியில் விட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் மறுபடி விட வேண்டும். கிளம்புவதற்கு முன் பிரேக் கட்டையின் பள்ளக் கோடுகள் இன்னும் தெரிகின்றனவா என்று பாருங்கள். காட்டுமாடுகள் சாலைக்கு வரும் மலை இது. மாலை நான்கு மணிக்குள் அடிவாரத்துக்கு வந்துவிட வேண்டும். வழியில் மாட்டைக் கண்டால் தூரத்திலேயே நின்று அது போகும் வரை காத்திருக்க வேண்டும்.

காற்றைக் கணக்கில் எடுக்காமல் மேற்கே போகக் கூடாது. ஆனி, ஆடி, ஆவணியில் மேல்காற்று ஆண்டிபட்டிக் கணவாய்க்குள் புகுந்து உசிலம்பட்டி வழியாக வீசும். அம்மியே பறக்கும் காற்றில் சைக்கிள் எம்மாத்திரம்! காற்று வலுக்கும் முன், விடியலிலேயே மேற்கே போய், வெயில் ஏறியதும் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். உசிலம்பட்டி, எழுமலைப் பக்கம் போகிறவர்கள் பெருங்காமநல்லூர் நினைவிடத்தில் நின்று வரலாம். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேர் உயிர் விட்ட ஊர். பேரையூர், தே.கல்லுப்பட்டி பக்கம் கரிசல் மண். மழை பெய்த மறுநாள் அங்கே மண்பாதையில் இறங்கினால் களி மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரம் சுழலாது, குச்சியால் நோண்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மேலூர்ப் பக்கச் செம்மண்ணில் இந்தத் தொல்லை குறைவு.

பயணத்துக்கு நல்ல மாதங்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. பங்குனி, சித்திரையில் ஐந்து மணிக்குக் கிளம்பிப் பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். அந்த வெயிலில் மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் தேவைப்படும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு இறங்கிக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். உப்புப் போட்ட மோர், கம்மங்கூழ், இளநீர் வழியெங்கும் கிடைக்கும். காலையில் கிளம்பும்போது நகரில் ஒரு குவளை பருத்திப்பால் குடித்தால் முதல் இரண்டு மணி நேரத்துக்குப் பசிக்காது. ஜிகர்தண்டா திரும்பி வந்த பிறகு. வியர்வை நின்று தலை சுற்றினால் அதற்குமேல் ஒரு மிதிகூட மிதிக்கக் கூடாது. நிழலில் படுத்து, தலையையும் கழுத்தையும் நனைத்து, 108-ஐ அழைக்க வேண்டும்.

இனி எங்கள் கோரிக்கைகள். நெடுஞ்சாலைத் துறையும் ஊராட்சி ஒன்றியங்களும் தார் மேல் தார் போட்டுச் சாலையை உயர்த்திக்கொண்டே போவதால் ஓரத்தில் அரை அடிப் பள்ளம் உண்டாகிறது. பேருந்துக்கு ஒதுங்கும் சைக்கிள் அதில் இறங்கினால் மீண்டும் ஏற முடியாமல் கவிழும். கிராவல் போட்டு ஓரத்தைச் சமன்செய்தால் இது தீரும். வேகத்தடைகளுக்கு வெள்ளை அடிப்பது அதைவிடச் சின்ன வேலை. ஊரார் தாமாகவே போடும் தடைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவும் இல்லை. கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி, மாங்குளம், திருவாதவூர், விக்கிரமங்கலம் ஆகிய ஊர்களுக்குப் பிரியும் ஒவ்வோர் இடத்திலும் தூரத்தையும் அங்கே உள்ள தொல்லியல் சின்னத்தின் பெயரையும் தமிழில் எழுதிய பலகை வேண்டும். அடிவாரத்தில் சைக்கிளைப் பூட்டி வைக்க இரும்புக் குழாய் ஒன்றும் குடிநீர்க் குழாய் ஒன்றும் போதும். மண்டபம், நுழைவாயில் எல்லாம் வேண்டியதில்லை. கால்வாய்க் கரையில் தார் போட வேண்டாம் என்று நீர்வளத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம். தார் வந்தால் அடுத்த வாரமே அது லாரிகளின் குறுக்குவழியாகிவிடும். கரையில் வெட்டும் கருவேலத்தை அன்றே அள்ளிவிட்டால் நல்லது.

மதுரை–போடி அகலப்பாதையில் 2023 ஜூன் முதல் போடி வரை ரயில் ஓடுகிறது. காலை ரயிலில் சைக்கிளோடு ஆண்டிபட்டியில் இறங்கினால் மேல்காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு மதுரை வரை வரலாம். அதற்குப் பெரிய பயிற்சியும் தேவையில்லை. ஆனால் இப்போதைக்குச் சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிந்து, சாக்கு சுற்றி, சீட்டு ஒட்டி ஏற்ற வேண்டியிருக்கிறது. சிறு நிலையத்தில் அதை இறக்குவதற்குள் வண்டி கிளம்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் கார்டு பெட்டியை ஒட்டிய பகுதியில் பத்துச் சைக்கிளுக்கு இடம் ஒதுக்கி, பயணச்சீட்டு கொடுக்கும் சாளரத்திலேயே சைக்கிளுக்கும் சீட்டு கொடுக்க மதுரை ரயில்வே கோட்டம் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
சைக்கிள் பயண வாசகர்கள்,
நாகமலைப் புதுக்கோட்டை, மதுரை